960 டாலரும் ஒரு பூட்டும்: மாமனாரோட மூஸ் வேட்டைக்குப் போன கதை

செப்டம்பர் 8, ஆங்கரேஜ்

டல்லாஸ்ல 37 டிகிரி வெயில்ல பிளேன் ஏறி அலாஸ்காவுல இருக்குற ஆங்கரேஜ்ல 9 டிகிரில எறங்குனேன். மாமா ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாரு. மாமான்னா மாமனார், பொண்டாட்டியோட அப்பா. சிவகங்கை பக்கம் சொந்த ஊரு, 1989-ல இங்க வேலைக்கு வந்தவரு, "எக்ஸான் கப்பல் எண்ணெய் கொட்டுச்சே, அந்த வருஷம்"னு அவரே அடையாளம் சொல்லுவாரு. இப்ப வயசு 63. எனக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம் ஆச்சு, அதுல நாங்க ரெண்டு பேர் மட்டும் தனியா இருந்த நேரத்தக் கூட்டிப் பாத்தா ஒரு மணி நேரம் தேறாது. "சாப்ட்டீங்களா மாப்ள." "சாப்ட்டேன் மாமா." அவ்ளோதான் எங்க பேச்சு. இப்ப மூஸ்ங்கிற ராட்சச மான வேட்டையாட பத்து நாள் ஒரே டெண்ட்ல. என் பொண்டாட்டி இத நெனச்சு நெனச்சு சிரிக்கிறா.

காசுக் கணக்க மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா பயணம் பூரா அது என்னை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் வெளிமாநிலத்துக்காரன், அதனால லைசென்ஸ் 160 டாலர், மூஸ் டேக் 800 டாலர். டேக்னா சீட்டு இல்ல, நம்பர் அடிச்ச ஒரு குட்டி உலோகப் பூட்டு, அடிச்ச மிருகத்துல கொண்டுபோய் மாட்டணும். மாமாவுக்கு எவ்ளோன்னு கேட்டேன். அலாஸ்காவுல குடியிருந்து 60 வயசு தாண்டிட்டா லைசென்ஸ் ஆயுசுக்கும் இலவசமாம், மூஸுக்கு எடுக்குற ஹார்வெஸ்ட் டிக்கெட்டும் இலவசமாம். நான் 960, அவரு சைபர்.

கைடு வைக்கலையான்னு ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க. கிரிஸ்லி கரடி, மலை ஆடு, டால் ஆடு இதுக்கெல்லாம்தான் வெளிமாநிலத்துக்காரன் கைடோட போகணும் (இல்லன்னா அலாஸ்காவுல இருக்குற நெருங்குன சொந்தத்தோட போகலாம்), மூஸுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. ஒரு பிளேன்காரர் கொண்டுபோய் காட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிருவாரு, மிச்சமெல்லாம் நம்ம பாடு.

இன்னொரு விஷயம், மூஸை கடமான்னு சில பேர் எழுதறாங்க. கடமான் நம்ம ஊர் சாம்பர். மூஸ் வேற ஜாதி, மான்லயே பெருசு, அதுலயும் அலாஸ்காவுல இருக்குறதுதான் எல்லாத்துலயும் பெருசு, நல்லா வளந்த ஆண் 1,600 பவுண்டு வரைக்கும் போகும். மாமா அத கிடான்னுதான் சொல்றாரு. "கிடா இப்ப வில்லோ பொதருக்குள்ள நிக்கும் மாப்ள"ன்னு அவர் சொல்லும்போது ஏதோ கோயில் கிடாவெட்டுக்குப் போற மாதிரியே இருக்கு.

செப்டம்பர் 9

லேக் ஹூட். ஆங்கரேஜ் ஏர்போர்ட்டை ஒட்டியே இருக்குற ஏரி, உலகத்துலயே அதிகமா மிதவை பிளேன் எறங்கி ஏறுற எடம். எங்களையும் சேத்து தராசுல நிறுத்தி, மூட்டை ஒவ்வொண்ணையும் எடை போட்டு, அத்தை குடுத்த புளிக்காய்ச்சல் டப்பாவையும் பைலட் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் ஏத்துனாரு. பிளேன் பீவர்ங்கிற பழைய மாடல். 1967-லயே செய்யறத நிறுத்திட்டாங்க, அதாவது இந்த பிளேனுக்கு என்னை விட வயசு அதிகம், மாமா அளவுக்கு இருக்கலாம். இன்னமும் காட்டுல இதுதான் ராஜா.

ரெய்னி பாஸ் வழியா அலாஸ்கா மலைத்தொடரைத் தாண்டுனோம், ஐடிடராட் நாய்வண்டி பந்தயம் போற அதே கணவாய். ரெண்டு பக்கமும் பாறை, றெக்கை நுனில இருந்து கை நீட்டுனா தொட்டுடலாம் போல. மாமா தூங்கிட்டாரு. நெசமாத்தான், குறட்டை.

எறங்குன எடம் குஸ்கோக்விம் ஆத்துல போய் சேர்ற ஒரு கிளை ஆத்துப் பக்கம் ஒரு ஏரி. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா மாமா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாரு. பைலட் "19-ம் தேதி பாக்கலாம், வானிலை விட்டா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த சத்தம் மலைக்குப் பின்னாடி அடங்குனப்புறம் வந்த அமைதி இருக்கே, என் காதுக்குள்ளயே ஏதோ ரீங்காரம் அடிக்கிற மாதிரி இருந்துச்சு.

கூடாரம் போட்டு, அதச் சுத்தி கரடிக்காக பேட்டரி மின்வேலி கட்டுனோம். அன்னைக்கு சாயங்காலமே ஏரிக்கு அந்தாண்ட ஒரு பொட்டை மூஸும் கன்னும் தண்ணில எறங்கி நின்னுச்சுங்க. பொட்டையை எப்படியும் அடிக்கக் கூடாது, ஆணே வந்து நின்னாலும் அன்னைக்குத் தொடக் கூடாது, பிளேன்ல வந்து எறங்குன அன்னைக்கு வேட்டை கிடையாது, மறுநாள் விடியக்காலம் 3 மணி ஆகணும். மேல இருந்து பாத்து வச்சுட்டு எறங்கி அடிக்கறதத் தடுக்கத்தான் இந்த சட்டம். எனக்கு அது புடிச்சிருந்தது.

செப்டம்பர் 10

மூஸ் வேட்டைன்னா நடையோ நடைன்னு நெனச்சுட்டு வந்தேன், அதான் இல்ல. ஒரு மேட்டுல ஏறி உக்காந்து பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இருக்கணும், காலைல ஏழரைக்கு விடிஞ்சதுல இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும். பிர்ச் மரமெல்லாம் மஞ்சளாகி, தரை பூரா செவப்பு, நடுவுல புளூபெர்ரி, உக்காந்த எடத்துலயே பறிச்சு திங்கலாம். மாமா ஒரு பழைய மூஸோட காஞ்ச தோள்பட்டை எலும்பு கொண்டுவந்திருக்காரு. அத வில்லோ குச்சில கர்ர் கர்ர்னு தேய்க்கிறாரு, இன்னொரு ஆண் கொம்ப உரசுற சத்தமாம். அப்புறம் ரெண்டு கையையும் வாய்கிட்ட குவிச்சு, பொட்டை மாதிரி "ஊஊஊவ்வ்வா"ன்னு ஒரு இழுப்பு. 63 வயசு மனுஷன், ரிட்டயர்டு இன்ஜினியர், நான் முகத்த அந்தப் பக்கம் திருப்பி சிரிச்சேன்.

"சிரிக்காதீங்க மாப்ள, இதுக்கு மயங்கி அஞ்சு கிலோமீட்டர்ல இருந்து வரும்."

எதுவும் வரல.

செப்டம்பர் 11

மழை. டெண்ட். புளிசோறு ரெண்டு வேளை. சாப்பாட்டுப் பெட்டிய கரடி தொறக்க முடியாத டப்பால போட்டு நூறு கஜம் தள்ளி வச்சிருக்கோம், மாங்கா ஊறுகாய் வாசத்துக்கு கரடி வருமான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணிருக்காங்களா தெரியல.

செப்டம்பர் 12

இன்னைக்குத்தான் வந்துச்சு. காலைல ஒம்பது மணி இருக்கும், மாமா கூப்ட்டு நாப்பது நிமிஷம் கழிச்சு, கீழ வில்லோ பொதருக்குள்ள ஏதோ வெள்ளையா ரெண்டு பலகை ஆடுச்சு, அப்புறம் அந்தப் பலகைக்கு நடுவுல ஒரு தலை, அப்புறம் உடம்பு வந்துச்சு வந்துச்சு வந்துக்கிட்டே இருந்துச்சு. குதிரைய விட ஒசரம். தாடைக்குக் கீழ ஒரு தோல் மணி தொங்குது. "ஊக்" "ஊக்"னு ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம், கெணத்துக்குள்ள இருந்து யாரோ விக்குற மாதிரி.

இங்கதான் எங்க சட்டச் சிக்கல். இந்த யூனிட்ல (வேட்டைக்காகப் பிரிச்ச பகுதிய இப்படித்தான் சொல்றாங்க) அலாஸ்காவாசி எந்த ஆணையும் அடிக்கலாம். வெளிமாநிலத்தான் அடிக்கணும்னா கொம்பு அகலம் 50 இன்ச் இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கமாவது நெத்திக்கு முன்னாடி நீட்டுற முனை நாலு இருக்கணும். தப்பா கணிச்சு சின்னத அடிச்சா கறியும் போச்சு, கேஸும் ஆச்சு. டேப்ப எடுத்துட்டுப் போய் அது மூஞ்சில வச்சா அளக்க முடியும்? ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஏறக்குறைய 10 இன்ச்னு ஒரு கணக்கு, அத மனசுல வச்சுக்கிட்டு, தலைக்கு ரெண்டு பக்கமும் கொம்பு அதப் போல ரெண்டு மடங்கு வெளிய நீட்டுதான்னு பாக்கணும். இது தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு. ஒரு தடவ 50 மாதிரி தெரியுது, அடுத்த தடவ 42. முன் முனைய எண்ணுனேன், இடப்பக்கம் மூணு, வலப்பக்கம் ரெண்டு, அதுல ஒண்ணு ஒடஞ்சு மொட்டையா இருந்துச்சு. என் வெரல் டிரிக்கர் கார்டு மேல இருந்துச்சு, உள்ள போகல.

"உங்களுக்குப் பத்தாது மாப்ள"ன்னு மாமா காதுக்குள்ள சொன்னாரு. சொல்லிட்டு பைனாகுலர எறக்கிட்டாரு. அவரோட .338 ரைஃபிள் மடிலயே கெடந்துச்சு. அவருக்கு அது முழு சட்டப்படி சரி. 150 கஜம், பக்கவாட்டுல நிக்குது, காத்து நம்ம பக்கம் வருது. அவரு தொடவே இல்ல. கிடா மூணு நிமிஷம் நின்னு பாத்துட்டு பொதருக்குள்ள போயிருச்சு, அவ்ளோ பெரிய கொம்போட எப்படி ஒரு குச்சி ஒடையாம போச்சுன்னு இன்னமும் புரியல.

ராத்திரி அடுப்புகிட்ட கேட்டேன். "நீங்க அடிச்சிருக்கலாமே மாமா."

"அதெப்பிடி மாப்ள. மாப்ள எலை காலியா இருக்கப்ப நான் கை நனைக்கிறதா."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கோவமும் வந்துச்சு, அது எந்த மாதிரி கோவம்னு சொல்லத் தெரியல.

செப்டம்பர் 13, 14

ஒண்ணும் இல்ல. பனி. காலைல தண்ணி பாட்டில் ஒறஞ்சு கெடந்துச்சு. 13-ம் தேதி ராத்திரி ஒன்னுக்குப் போக எந்திரிச்சப்ப வானம் பூரா பச்சைத் திரை ஆடுச்சு, துருவ ஒளி, மாமாவ எழுப்பவா வேணாமான்னு யோசிச்சு எழுப்புனேன், "35 வருஷமா பாக்குறேன்"ன்னாரு, ஆனாலும் வெளிய வந்து அரை மணி நேரம் நின்னாரு. ரெண்டு பொட்டை பாத்தோம். ஒரு கருங்கரடி. கேம்ப் ராபர்னு சொல்ற சாம்பல் குருவி என் கைல இருந்த பிஸ்கட்ட தூக்கிட்டுப் போச்சு.

செப்டம்பர் 15

அதே கிடா. ஒடஞ்ச முனைய வச்சு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அடையாளம் தெரிஞ்சுருச்சு. அதே வில்லோ பொதரு, இந்த தடவ இன்னும் கிட்ட, 120 கஜம். மாமா திரும்பி என்னைப் பாத்தாரு. நான் துப்பாக்கிய தரைல வச்சுட்டு சொன்னேன், "மாமா, நீங்க அடிங்க." அவரு மாட்டேன்னு தலைய ஆட்டுனாரு. நான் மறுபடி சொன்னேன், கொஞ்சம் அதட்டலாவே, "அடிங்க மாமா. இது என் எலைலயே விழுந்த மாதிரிதான்." ஒம்பது வருஷத்துல அவர்கிட்ட நான் இப்படிப் பேசுனதே இல்ல.

அடிச்சாரு. கிடா அசையல. நான் தப்பிருச்சுன்னே நெனச்சேன், மூஸ் அப்படித்தானாம், நெஞ்சுல வாங்கியும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும். ரெண்டாவது குண்டு. நாலு எட்டு வச்சுது, தண்ணி பக்கமா போகுதோன்னு மாமா பல்லக் கடிச்சாரு, தண்ணிக்குள்ள விழுந்தா ரெண்டு பேரால இழுக்க முடியாது. கரைலயே மடங்கி விழுந்துச்சு.

கிட்டப் போனப்ப மாமா தொப்பியக் கழட்டிட்டு அது நெத்தியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "ஊர்ல தண்ணி தெளிச்சு, அது தலைய ஆட்டி சம்மதம் குடுத்தாதான் வெட்டுவோம், இங்க சும்மா தூரத்துல இருந்து..."ன்னு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்டாரு. அப்புறம் டேப்ப எடுத்து கொம்ப அளந்தோம். 46 இன்ச். நான் சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாரும் வாய் விட்டு சொல்லல.

அதுக்கப்புறம்தான் வேட்டையே. அஞ்சரை மணி நேரம் அறுத்தோம். தோல உரிக்க ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல என் கத்தி மழுங்கிருச்சு, முடி அப்படி. கறிய விட்டுட்டு வர்றது இங்க பெரிய குத்தம், தொடை, முன்சப்பை, விலாக்கறி, கழுத்து, முதுகுக்கறி எல்லாத்தையும் எடுத்தே ஆகணும், கொம்பு கடைசியாத்தான் கெளம்பணும், ஆண்தான்னு காட்டுற அத்தாட்சியும் கறியோட ஒட்டியே இருக்கணும். மாமா ஒவ்வொரு மூட்டா தடவிப் பாத்து கத்திய விட்டாரு, ரம்பமே வேண்டியிருக்கல, கசாப்புக்கடை பாய் வேலை மாதிரி சுத்தம். ஈரலையும் நாக்கையும் தனியா எடுத்தாரு. கறிய துணிப் பையில போட்டு, குடல் கெடக்குற எடத்துல இருந்து நூறு கஜம் தள்ளி, பாத்தா தெரியுற வெட்டவெளில, குச்சி அடுக்கி மேல வச்சோம். கரடி வந்தா குடலுக்குத்தான் மொதல்ல வரும்.

இருட்டறதுக்குள்ள ஆளுக்கு ஒரு சுமை டெண்ட்டுக்கு. ராத்திரி ஈரல் மிளகு வறுவல். நல்லெண்ணெய், மிளகு, உப்பு, அவ்ளோதான். இதுக்கு மேல எழுத கை வரல.

செப்டம்பர் 16

தண்ணில இருந்து ஒரு மைலுக்கு மேல மூஸ அடிக்காதேன்னு இங்க எல்லா வேட்டைக்காரனும் சொல்லுவான். எங்களுக்கு டெண்ட் போட்ட ஏரி வரைக்கும் 1,100 மீட்டர்தான், நேத்து ராத்திரி வரைக்கும் அது எனக்கு கம்மியாத் தெரிஞ்சுது. தரை பூரா புல்லுக் குடுமி, ஒவ்வொண்ணும் ஃபுட்பால் சைஸ், மேல காலு வச்சா சாயும், நடுவுல வச்சா முட்டி வரைக்கும் சேறு. பின்தொடை ஒண்ணு எலும்போட 100 பவுண்டு இருக்கும், தராசு கெடையாது, என் இடுப்பு சொல்லுது.

மாமா அந்தத் தொடையத் தானே தூக்குறேன்னு நின்னாரு. "நீங்க விலாவ எடுங்க மாப்ள." 63 வயசு, முட்டில ஆபரேஷன் பண்ணவரு. நான் பேசாம தொடைய பேக்ல கட்டிட்டேன், அவரு அவுக்க வந்தாரு, நான் புடிச்சுக்கிட்டேன், நட்ட நடுக் காட்டுல ரெண்டு பேரும் ஒரு மூஸ் காலப் புடிச்சு இழுத்துக்கிட்டு நின்னோம். யாராவது பாத்திருந்தா பங்குச் சண்டைன்னுதான் நெனச்சிருப்பாங்க.

தூக்கிட்டு முன்னூறு மீட்டர் போயிருப்பேன், குடுமி சாஞ்சு அப்படியே பக்கவாட்டுல விழுந்தேன், மேல தொடை, கீழ சேறு, எந்திரிக்க முடியல, ஆமைய கவுத்துப் போட்ட மாதிரி. பின்னாடி இருந்து சத்தம் வந்துச்சு:

"டேய்! அசையாதடா! கால மடக்குடா மொதல்ல!"

ஓடி வந்து பேக்க அவுத்து, கைய புடிச்சு தூக்கி, முட்டிய அமுக்கிப் பாத்து, "சுளுக்கு இல்லல்ல, நடந்து காட்டு"ன்னு ஒரே அதட்டு. நான் நடந்து காட்டுனேன். அப்பதான் அவருக்கே தான் என்ன சொன்னோம்னு ஒறச்சுது போல. முகம் அப்படியே சின்னதாயிருச்சு. "ஒரு பதட்டத்துல மாப்ள..."

"பரவால்ல மாமா. இன்னொரு தடவ சொல்லுங்க, ஆறு நடை பாக்கி இருக்கு."

சிரிச்சாரு. அவரு அப்படி சத்தமா சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு நான் மூணு நடை, அவரு ரெண்டு.

செப்டம்பர் 17

கடைசி ரெண்டு சுமை: கழுத்துக்கறி, கொம்பு. தூரத்துலயே காக்கா கூட்டம் எழும்பி எறங்குறத பாத்து மாமா நின்னுட்டாரு. பைனாகுலர்ல பாத்தா குடல் கெடந்த எடத்துல ஒரு பழுப்பு முதுகு, தோள்ல திமில். கிரிஸ்லி. பாசியையும் மண்ணையும் வாரி குடல் மேல போட்டு மூடி, அது மேலயே படுத்திருந்துச்சு, இது என்னோடதுன்னு. எங்க கழுத்துக்கறி அதுல இருந்து நூறு கஜம்.

காத்து வாக்குல நின்னு எங்க வாசம் அதுக்குப் போற மாதிரி செஞ்சோம். மாமா வயல்ல மாடு வெரட்டுற மாதிரி "ஹேய்ய்! ஹோய்!"னு கத்துனாரு, நான் சட்டியத் தட்டுனேன், இன்னொரு கைல கரடி ஸ்பிரே. கரடி எந்திரிச்சு ரெண்டு கால்ல நின்னு பாத்துச்சு. எவ்ளோ நேரம்னு தெரியல. அப்புறம் எங்களுக்கு முதுகக் காட்டிட்டு மெதுவா பொதருக்குள்ள போச்சு. முழுசாப் போகல, உள்ளேயே எங்கயோ இருக்குன்னு தெரியும். ஒரு மணி நேரம் காத்திருந்து, முதுகோட முதுகு வச்ச மாதிரி போய் எடுத்துட்டு வந்தோம். கொம்ப நான் தூக்குனேன். தூக்கிக்கிட்டு நடக்கும்போது பின்னாடி இருந்து பாத்தா நானே ஒரு மூஸ் மாதிரி இருந்தேன்னு மாமா சொல்றாரு, அதனால அதுல செவப்புத் துணியச் சுத்தி விட்டாரு, வேற வேட்டைக்காரன் எவனாவது சுட்டுறப் போறான்னு.

செப்டம்பர் 18, 19

கறிய கம்பத்துல தொங்கவிட்டு மேல தார்ப்பாய், பக்கமெல்லாம் காத்தோட்டம். காயணும், நனையக் கூடாது, சூடாகக் கூடாது. ரெண்டு மணிக்கு ஒரு தடவ போய் மோந்து பாத்துக்கிட்டே இருந்தோம், பச்சப்புள்ளக்கு காய்ச்சல் பாக்குற மாதிரி. 19-ம் தேதி சேட்டிலைட்ல பைலட் மெசேஜ்: கணவாய்ல மேகம், இன்னைக்கு முடியாது. அரிசி காலி. மூஸ் கறி, இட்லிப்பொடி. மாமா சிவகங்கைல சின்ன வயசுல நாய வச்சு முயல் வெரட்டுன கதை, அவங்க அப்பாகிட்ட வாங்குன அடி, 89-ல குளிர்காலத்துல இங்க வந்து மொத மாசம் அழுத கதை எல்லாம் சொன்னாரு. நான் என் வேலை போன வருஷத்தப் பத்தி சொன்னேன், அத நான் வீட்ல யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

செப்டம்பர் 20

மத்தியானம் பீவர் சத்தம். ஒரே நடைல எல்லாம் ஏறாதுன்னுட்டாரு பைலட். மொத நடை கறிக்கு, மனுஷனுக்கு அடுத்த நடை. பிளேன் மூட்டைகளோட போச்சு, நாங்க கொம்ப நடுவுல வச்சுக்கிட்டு கரைல அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தோம்.

செப்டம்பர் 22, ஆங்கரேஜ்

நேத்து பூரா கராஜ்ல கறி வெட்டு. எலும்ப நீக்கி 400 பவுண்டுக்கு மேல வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு, கோயில் கமிட்டில மூணு குடும்பத்துக்கு (கோயிலுக்கு இல்ல, குடும்பத்துக்கு), மிச்சம் ஃப்ரீசர். முதுகுக்கறில பாதிய அத்தை மஞ்சத்தூள், உப்பு, மிளகாத்தூள் போட்டு நூல்ல கோத்து உப்புக்கண்டம் போட்டுட்டாங்க, வெயில் இல்லாததால ஹீட்டர் ரூம்ல தொங்குது, வீடே சிவகங்கை மாதிரி மணக்குது. மாமா ஹார்வெஸ்ட் ரிப்போர்ட்ட ஆன்லைன்ல போட்டாரு, அடிச்ச 15 நாளைக்குள்ள போடணும். நானும் போட்டேன், "கிடைக்கல"ன்னு. பூட்டு அப்படியே பாக்கெட்ல.

ஏர்போர்ட்ல செக்-இன்ல 50 பவுண்டு பெட்டி ரெண்டு, ஒறஞ்ச கறி. மாமா வாசல் வரைக்கும் வந்தாரு.

"அந்த டேக் டிசம்பர் வரைக்கும் செல்லும். மூஸ விட வெலை கம்மியான மிருகத்துக்கும் போடலாம், கரிபூ மானுக்கு ஆகும்."

"பாக்குறேன் மாமா."

"பாக்குறேன்னா? லீவு போட்டுட்டு வாடா"ன்னு சொல்லிட்டு, பின்னாடி அத்தை நிக்குறதப் பாத்துட்டு, "வாங்க மாப்ள"ன்னு மாத்திக்கிட்டாரு.